சுற்றறிக்கையில் இருப்பது டெண்டரில் இல்லை: பொதுக் கட்டடங்களைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் கட்டடங்களைக் கட்டவும் இடிக்கவும் உத்தரவிடும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

கட்டுமானத்தில் சுழற்சிப் பொருளாதார முறைகளை, அதாவது பொருள்களைக் குப்பையாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைகளை, இனிக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அதை ஒட்டியே நீங்கள் விட்ட இரண்டு டெண்டர்களையும் படித்தேன். ஒன்று, நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை இடிப்பதற்கு. மூன்று வாரத்தில் தரைமட்டமாக்கி இடத்தைக் காலி செய்து தர வேண்டும், தாமதமானால் நாள் கணக்கில் அபராதம். இன்னொன்று, அதே இடத்தில் வரப்போகும் கட்டடத்துக்கு. எல்லாப் பொருளும் புதியதாக, இதற்கு முன் பயன்படுத்தப்படாததாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டு நிபந்தனைகளும் இருக்கும்வரை உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட நடைமுறைக்கு வராது.

நான் கட்டமைப்புப் பொறியாளர். பழைய கட்டடங்களின் பலத்தைச் சோதிப்பதுதான் என் வேலை. நீங்கள் இடித்த அந்தக் கட்டடத்தைச் சோதித்த குழுவிலும் இருந்தேன். தூண்களிலும் தளங்களிலும் கோர் எனப்படும் உருளைத் துண்டுகளை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்தோம். வடிவமைப்பில் கேட்ட வலிமையைவிட அதிகமாகவே இருந்தது. புதிதாக உடைத்த கான்கிரீட்டின்மேல் பினால்ப்தலீன் என்ற வேதிக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத பகுதி இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவிய பகுதி நிறம் மாறாது. அங்கே நிறம் மாறாமல் நின்றது மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் மட்டும். கம்பியைத் துருப்பிடிக்க விடும் அந்தப் பாதிப்பு கம்பியின் ஆழத்தை எட்டவே இல்லை. மொட்டைமாடியில் கசிவு, ஒரு பால்கனியில் உதிர்ந்த கான்கிரீட், காலம் கடந்த வயரிங், அரித்துப்போன குழாய்கள். இவைதான் குறைகள். எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

தூண், உத்தரம், தளம் சேர்ந்த சட்டகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அறிக்கையில் தெளிவாக எழுதினோம். அப்படி வைத்துக்கொண்டு, சுவர்களையும் குழாய்களையும் முகப்பையும் மட்டும் மாற்றினால் எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்கை எங்களிடமோ வேறு யாரிடமோ உங்கள் அலுவலகம் கேட்கவில்லை. அறைகள் சிறியவை, லிஃப்ட் இல்லை, தோற்றம் பழையது என்று கோப்பில் குறித்துவிட்டு இடிக்க ஒப்புதல் கொடுத்தீர்கள். லிஃப்டுக்குத் தளத்தில் வழி வெட்டுவது எங்கள் துறையில் வழக்கமான வேலை. அறையைப் பெரிதாக்க அந்தக் கட்டடத்தில் செங்கல் தடுப்புச் சுவர்களை எடுத்தால் போதும். அவை பாரம் தாங்கும் சுவர்கள் இல்லை.

அப்புறம் இடிப்பு நடந்தது. இடித்தவர்கள்மேல் எனக்குக் குறையே கிடையாது. மூன்று வாரக் கெடுவுக்குள் அவர்களால் முடிந்தது அதுதான். கதவு, ஜன்னல்களில் சுலபமாகக் கழன்றதை முதல் இரண்டு நாளில் எடுத்தார்கள். மற்றதற்கு நேரமில்லை. பொக்லைனில் பிரேக்கரை மாட்டி மேலிருந்து உடைத்துக்கொண்டே வந்தார்கள். பொய்க்கூரையின் ஜிப்சம் பலகை, தரை ஓடு, வயர், பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி, கான்கிரீட், செங்கல் எல்லாம் ஒரே குவியலானது. அதிலிருந்து கம்பியை மட்டும் முறுக்கி இழுத்து எடுத்தார்கள், ஏனென்றால் கம்பிக்கு மட்டும்தான் கையோடு விலை கிடைக்கும். மிச்சமெல்லாம் லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போனது.

அந்தக் கலவை என்ன நாசம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தனியாக எடுத்த கான்கிரீட்டை நொறுக்கினால் நல்ல ஜல்லி கிடைக்கும். அதில் ஜிப்சம் கலந்துவிட்டால், ஜிப்சத்தின் சல்பேட் புதிய கான்கிரீட்டுக்குள் வினைபுரிந்து அதை உப்பவைத்து விரிசல் விடச் செய்யும். அதனால் அந்தக் குவியலை யாரும் கான்கிரீட்டுக்கு வாங்க மாட்டார்கள். ஜிப்சத்தைத் தனியாக எடுத்திருந்தால் அதையும் மறுபடி மறுபடி பலகையாக்கலாம். மண்ணில் மற்றக் குப்பையோடு ஈரத்தில் புதைந்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். இரண்டு பொருளும் தனித்தனியாக இருந்தபோது நல்ல சரக்கு, கலந்த பிறகு இரண்டுமே குப்பை. அவற்றைக் கலக்க வைத்தது உங்கள் டெண்டரில் இருந்த மூன்று வாரம்.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் தோண்டி எடுக்கப்படுகின்றன என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-ல் கணக்குச் சொன்னது. பாலைவனத்தில் மணலுக்குப் பஞ்சமில்லை என்பார்கள். காற்றில் உருண்டு வழவழப்பான அந்த மணல் கான்கிரீட்டுக்குச் சரிப்படாது. ஆற்றையும் மலையையும்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. சிமெண்ட் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி டன் தயாராகிறது, மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் அதிலிருந்து வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தால் எரித்தாலும் இது தீராது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகவே பிரிந்து போகிறது. சிமெண்டின் மாசில் பெரும்பகுதி கல்லிலிருந்தே வருவது.

இதனால்தான் நொறுக்கி மறுசுழற்சி செய்வதை மட்டும் சுழற்சிப் பொருளாதாரம் என்று நீங்கள் எழுதும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பழைய கான்கிரீட்டை நொறுக்கினால் ஜல்லி திரும்பக் கிடைக்கும், சிமெண்ட் திரும்பக் கிடைக்காது. புதிய தூணுக்குப் புதிய சிமெண்ட்தான் வேண்டும். ஆகவே நிற்கிற தூணை நிற்க விடுவதுதான் முதல் வேலை. அது முடியாவிட்டால் பாகங்களைப் பாகங்களாகவே கழற்றி வேறிடத்தில் பொருத்த வேண்டும். நொறுக்குவது அதற்கும் அடுத்தது. பள்ளம் நிரப்புவது கடைசி. உங்கள் சுற்றறிக்கையில் இந்த வரிசை இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே சதவீதமாக இலக்கு வைத்திருக்கிறீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இப்படித்தான் செய்தது. கட்டட இடிபாட்டில் 70 சதவீதத்தை 2020-க்குள் மீட்க வேண்டும் என்று 2008-ல் சட்டம் போட்டது, ஆனால் பள்ளம் நிரப்புவதையும் மீட்பு என்று கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. ஒரு நல்ல ஜன்னல் இன்னொரு கட்டடத்தில் ஜன்னலாகவே போவதும், ஒரு நல்ல உத்தரம் பொடியாகிச் சாலைக்கு அடியில் போவதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அந்தத் தவற்றை நீங்களும் எடுத்து எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நிற்கிற கட்டடத்தை வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பிரான்சின் போர்தோ நகரில் 1960-களில் கட்டிய மூன்று குடியிருப்புத் தொகுதிகள், மொத்தம் 530 வீடுகள். லக்காதோன், வஸ்ஸால் என்ற கட்டடக் கலைஞர்கள் சக கலைஞர்களோடு சேர்ந்து அவற்றை இடிக்காமலே புதுப்பித்தார்கள். பழைய முகப்பைத் திறந்து, வெளிப்பக்கமாகப் புதிய சட்டகம் நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சமான அகலத் தாழ்வாரம் சேர்த்தார்கள். லிஃப்டும் குளியலறையும் புதிதாயின. வேலை நடக்கும்போது குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்த இருவருக்கும் 2021-ல் கட்டடக் கலைக்கான உலகப் புகழ்பெற்ற பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. சிட்னியில் 1970-களின் கோபுரம் ஒன்றில் பழைய தூண், உத்தரம், தளங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதைவிட உயரமான குவே குவாட்டர் கோபுரத்தை எழுப்பினார்கள். நம் நான்கு மாடிக் கட்டடம் அவ்வளவு பெரிய சவால் இல்லை.

இனி "புதிய பொருள் மட்டும்" என்ற நிபந்தனை. இதில் என் கசப்பு அதிகம்.

போல்ட்டில் பூட்டிய எஃகுக் கூரைத் தாங்கிகள் ஒரு கிடங்கிலிருந்து பத்திரமாக இறக்கப்பட்டன. வெட்டாமல், வளைக்காமல், எண் போட்டு அடுக்கியிருந்தார்கள். நானே மாதிரித் துண்டுகள் எடுத்து இழுவிசைச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவுகள் தேவையைவிட மேலாகவே வந்தன. பக்கத்தில் ஒரு பொதுக் கொட்டகைக்கு அதே அளவுத் தாங்கிகள் தேவைப்பட்டன. அந்தப் பணியின் பொறியாளர் அறிக்கையைப் படித்தார், சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும், தயாரித்த ஆலை தரும் தரச் சான்றிதழ் இல்லை, நிபந்தனையில் "புதியது" என்று இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வேன் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தாங்கிகள் பழைய இரும்பு விலைக்குப் போய் உலையில் உருகின. அதே வடிவத்தில் புதிய தாங்கிகள் வேறு ஊரிலிருந்து வந்து இறங்கின. உருக்குவதற்கு எரித்த சக்தியும், மறுபடி உருட்டி வெட்டிப் பற்றவைத்த உழைப்பும், ஆவணத்தில் இருந்த ஒரே ஒரு சொல்லுக்காகச் செலவானவை.

இதற்கு வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. பழைய எஃகை எப்படிப் பிரித்து அடுக்குவது, எத்தனை துண்டுக்கு எந்தச் சோதனை, எந்தக் காலத்து எஃகை ஏற்கலாம், அதிர்வுப் பாரம் தாங்கியதை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் பிரிட்டனின் எஃகுக் கட்டுமான நிறுவனம் 2019-லேயே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றின்மேல் புதிய மாடிகள் எழுப்பியபோது, அதே நாட்டின் பாசல் நகரில் இடிபட்ட கட்டடத்தின் எஃகுச் சட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெளிப்படிக்கட்டு சூரிச்சில் இருந்த ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. கிடைத்த ஜன்னல், கிடைத்த தகடுக்கு ஏற்ப வரைபடத்தை மாற்றிக்கொண்டார்கள். எல்லாம் புதிதாக வாங்கிக் கட்டுவதோடு ஒப்பிட்டால் கரியமில வாயு வெளியீடு சுமார் 60 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நொறுக்கிய கான்கிரீட் ஜல்லியிலும் இதே கதைதான். பல நாட்டுத் தரநிலைகள் அதை அனுமதித்து வருடங்கள் ஆகிவிட்டன. கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் திருத்தியபோதே, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 என்ற வலிமைத் தரம் வரை 20 சதவீதமும், கம்பியில்லாததில் 25 சதவீதமும், சிமெண்ட் குறைவான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் இந்த ஜல்லியைப் பயன்படுத்தலாம் என்று எழுதிவிட்டது. பழைய சாந்து ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி தண்ணீர் அதிகம் குடிக்கும். முன்கூட்டியே நனைத்து, கலவை விகிதத்தைச் சோதித்துச் சரிசெய்தால் போதும், சைட்டில் மேஸ்திரிகள் இதை ஒரே வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். சிக்கல், மதிப்பீடு போட நீங்கள் வைத்திருக்கும் விலை அட்டவணையில் இருக்கிறது. அதில் மறுசுழற்சி ஜல்லி என்று ஓர் இனமே கிடையாது. இனம் இல்லையென்றால் மதிப்பீட்டில் வராது, மதிப்பீட்டில் வராததற்கு எந்த ஒப்பந்ததாரரும் பில் போட முடியாது. தரநிலை அனுமதித்த ஒன்றை அட்டவணை தடுத்து வைத்திருக்கிறது.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழையதெல்லாம் நல்லது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கடல் உப்பு ஏறிய கான்கிரீட், உள்ளே கம்பி பாதி கரைந்த தூண், அஸ்பெஸ்டாஸ் தகடு, தீயில் வெந்த தளம் இவற்றை ஒதுக்கச் சொல்லி எத்தனையோ அறிக்கைகளில் நானே எழுதியிருக்கிறேன். அஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பிரேக்கரை விடுவதுதான் உண்மையான ஆபத்து, அதன் தூசியை முதலில் சுவாசிப்பவர் இடிக்கும் தொழிலாளி. இடிப்பதற்கு முன்பே கட்டடத்தை அறை அறையாகப் பார்த்துப் பட்டியல் எடுத்தால் நச்சுப் பொருளும் தெரியும், நல்ல பொருளும் தெரியும். புதியதா பழையதா என்று கேட்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. சோதனையில் தேறியதா என்று கேட்டால் வரும்.

செலவு விஷயத்திலும் நேராகப் பேசுவோம். கழற்றி எடுப்பதற்கு உடைப்பதைவிட ஆள் அதிகம் வேண்டும், நாள் அதிகம் வேண்டும். ஒப்பந்ததாரர் அதைத் தன் கையிலிருந்து போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் இதைச் சட்டமாகவே செய்தது. 1916-லும் அதற்கு முன்பும் கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, ஆட்களை வைத்துப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று 2016-ல் விதி கொண்டுவந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்றானதும், பொறுமையாகக் கழற்றுகிறவர் டெண்டரில் தோற்கிற நிலை மாறுகிறது. இப்போது உங்களிடம் வரும் டெண்டர்களில் அவர்தான் ஒவ்வொரு முறையும் தோற்கிறார். வாசல் நிலை, கதவு, ஓடு, மரச்சட்டம் எதையும் சேதமில்லாமல் எடுக்கத் தெரிந்த அனுபவசாலிகளை நான் அறிவேன். அவர்களுடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை, பொக்லைன் ஓட்டப் போய்விட்டார்கள்.

இன்று நீங்கள் கட்டும் கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சாந்தில் வைத்த செங்கல்லைத் தட்டினால் முழுசாகக் கழன்று வரும். கெட்டியான சிமெண்ட் சாந்தில் வைத்ததைத் தட்டினால் சாந்துக்கு முன்னால் செங்கல் உடையும். கோபன்ஹேகனில் 2019-ல் முடிந்த ஒரு குடியிருப்புக்காக, பழைய மதுபான ஆலை போன்ற கட்டடங்களின் சுவர்களை இதனாலேயே ரம்பத்தால் சதுரம் சதுரமாக அறுத்து எடுத்து முகப்பில் பதித்தார்கள். பெரும் பிரயத்தனம் அது. கட்டும்போதே யோசித்திருந்தால் தேவைப்பட்டிருக்காது. சட்டகம் நூறாண்டு நிற்கும், குழாயும் வயரும் இருபது முப்பது ஆண்டில் மாற்ற வேண்டிவரும். நீங்களோ குழாயைத் தளத்துக்குள் புதைக்கச் சொல்கிறீர்கள். பிறகு குழாய் பழுதாகும்போது தளத்தை உடைக்கிறோம், கட்டடம் பழசாகிவிட்டது என்று கோப்பில் எழுதுகிறோம். நெதர்லாந்தில் ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தை 1,65,312 திருகாணிகளால் மரத்தில் கட்டியிருக்கிறார்கள். எதை எங்கே கழற்றலாம் என்பது பதிவேட்டில் இருக்கிறது. கழற்றக்கூடியதாக வடிவமைப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 20887 என்ற உலகத் தரநிலை 2020-ல் வந்துவிட்டது. எல்லாக் கட்டடமும் அப்படி இருக்க முடியாது. ஆனால் ஒட்டுவதற்குப் பதில் போல்ட், புதைப்பதற்குப் பதில் வெளியே குழாய் என்பதை நாளைக்கே வரைபடத்தில் கொண்டுவரலாம்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

சட்டகத்தை வைத்துக்கொண்டு புதுப்பிப்பதற்கான செலவு, கால அளவு, கரியமில வாயுக் கணக்கு மூன்றும் எழுத்தில் வராமல், பொதுக் கட்டடம் எதையும் இடிக்க ஒப்புதல் தராதீர்கள். அந்தக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். இடித்தே ஆக வேண்டும் என்றால், இடிப்பு டெண்டருக்கு முன்பாகப் பொருள் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைச் சில மாதம் முன்னதாகவே எல்லோருக்கும் அறிவியுங்கள். எந்தப் பொருள் யாருக்குத் தேவை என்பது வாங்குகிறவருக்கு முன்பே தெரிந்தால்தான், கழற்றியது வைக்க இடமில்லாமல் அழியாது. டெண்டரில் கழற்றும் வேலையைத் தனி இனமாக வையுங்கள், அதற்கென்று நாட்கள் கொடுங்கள், முழுசாக எடுத்த பொருளின் கணக்குப்படி பணம் கொடுங்கள்.

"புதிய, பயன்படுத்தப்படாத பொருள் மட்டும்" என்ற வரியை எடுத்துவிட்டு, "உரிய சோதனையில் தேறிய பொருள்" என்று மாற்றுங்கள். எந்தப் பொருளுக்கு எந்தச் சோதனை, யார் கையெழுத்து என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள். தரநிலைப்படி நடந்த பொறியாளரைத் தணிக்கை வேட்டையாடாது என்ற உறுதி அதில் இருக்கட்டும். மறுசுழற்சி ஜல்லியையும் மறுபயன்பாட்டு எஃகையும் அடுத்த விலை அட்டவணையில் சேருங்கள். இலக்கை ஒரே சதவீதமாக வைக்காமல், மறுபயன்பாடு, மறுசுழற்சி, பள்ளம் நிரப்புதல் என்று மூன்றையும் தனித்தனியாக அறிக்கையில் காட்டுங்கள். பள்ளம் நிரப்பியதை இலக்கில் சேர்க்காதீர்கள். புதிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கொடுக்கும்போது, என்ன பொருள் எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்ற பதிவேட்டையும் வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். அதே வளாகத்தில் இன்னும் இரண்டு கட்டடங்கள் உங்கள் இடிப்புப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே முறையில் கட்டியவை. அவற்றில் கோர் வெட்டிச் சோதித்து முடிவு தெரியும்வரை டெண்டரை நிறுத்தி வையுங்கள். அந்த ஆய்வில் கட்டணம் வாங்காமல் வேலை செய்ய நானும் என் சகாக்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். நிறுத்தி வைக்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்பாக எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்